துண்டுப் போர்வையும் அம்மாவின் சேலைகளும்



அல்லாஹ்வின் திருப்பெயரால் தொடங்குகின்றோம். கம்பம் பள்ளத்தாக்கில் வாழும் எங்களுக்குக் குளிர் புதிதன்று. ஆடி மாதத்தில் மலையிலிருந்து இறங்கும் காற்றும், மார்கழியிலும் தையிலும் விடியற்காலையில் கவியும் பனியும் சிறுவயது முதலே பழகியவை. ஃபஜ்ருத் தொழுகைக்கு எழுவதற்கு முன்பே, ஏலத்தோட்டங்களுக்குக் கூலி வேலைக்குச் செல்லும் பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் மலையேறும் ஓசை கேட்கும். அந்த ஓசையைக் கேட்டவாறே போர்வைக்குள் சுருண்டு கிடந்த நாள்களில், அந்தப் போர்வை எப்படி வந்தது என்று நாங்கள் எண்ணிப் பார்த்ததில்லை.

அது கடையில் வாங்கியதன்று. எங்கள் நன்னி தைத்தது. கிழிந்த சேலைகள், அத்தாவின் பழைய சட்டைகள், பெருநாளுக்குத் தைத்த பாவாடைகளில் எஞ்சிய துண்டுகள் ஆகியவற்றைச் சதுரமாக வெட்டி, ஒன்றோடொன்று இணைத்து, அடியில் ஒரு முழுச் சேலையும் நடுவே இரண்டு பழஞ்சேலைகளும் வைத்து நூலோட்டி முடிப்பார். நன்னி அதனைத் துண்டுப் போர்வை என்பார். "எந்தத் துணியும் ஒரே நாளில் சாகாது, நாமதான் அதைக் கொல்றோம்" என்பது அவர் வழக்கமாகச் சொல்வது. எங்கள் அம்மா அந்தக் கைவேலையை நன்னியிடம் கற்றார். அக்கா, தங்கை உட்பட நாங்கள் மூவரும் அம்மாவிடம் கற்றோம். தம்பி மட்டும் கற்கவில்லை. அவனுடைய வேலை அதற்குள் படுத்துறங்குவதுதான்.

ஏழு ஆண்டுகளுக்கு முன் ஒரு மழைக்காலத்தில், எங்கள் பெண்கள் மத்ரஸாவில் ஓதும் மாணவி ஒருத்தி பாடத்துக்கு வரும்போதெல்லாம் இருமிக்கொண்டே இருந்தாள். விசாரித்தபோது, வீட்டில் ஐந்து பேருக்கு இரண்டு போர்வைகளே இருப்பதும், இளையவர்களுக்கு அவற்றைக் கொடுத்துவிட்டுத் தான் துப்பட்டாவைப் போர்த்திக்கொள்வதும் தெரியவந்தன. அன்றிரவு எங்களுக்கு உறக்கம் வரவில்லை. அந்த வாரமே வியாழக்கிழமை அஸருக்குப் பின், மத்ரஸாவின் கூடத்தில் பாய் விரித்து நன்னியின் கைவேலையைத் தொடங்கினோம். அல்ஹம்துலில்லாஹ், இன்றுவரை அந்த வியாழக்கிழமை அமர்வு நிற்கவில்லை. ஆண்டுக்கு 20 முதல் 25 போர்வைகள் வரை முடிகின்றன. விதவையர் இல்லங்களுக்கும், தனித்து வாழும் முதியவர்களுக்கும், மலைத் தோட்டத் தொழிலாளர் வீடுகளுக்கும் அவை செல்கின்றன. பெறுபவர் எந்தச் சமயத்தவர் என்று நாங்கள் கேட்பதில்லை. குளிரும் அதைக் கேட்டு வருவதில்லை.

செய்யும் முறையை விரும்பும் சகோதரிகளுக்காகச் சுருக்கமாகச் சொல்கின்றோம். முதலில் துணிகளை நன்கு துவைத்து, வெள்ளைத் துணி ஒன்றோடு சேர்த்து நனைத்துச் சாயம் இறங்குகிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். அட்டையில் 9 அங்குலச் சதுரம் ஒன்றை வெட்டி, அதையே அளவாக வைத்துச் சுண்ணக்கட்டியால் கோடிட்டு வெட்ட வேண்டும். நான்கு புறமும் தையலுக்கு அரை அங்குலம் போனால் 8 அங்குலம் எஞ்சும். குறுக்கே 8, நெடுக்கே 10 என 80 சதுரங்களை இணைத்தால், ஏறத்தாழ ஐந்தேகால் அடி அகலமும் ஆறே முக்கால் அடி நீளமும் கொண்ட மேற்பரப்பு கிடைக்கும். இணைப்புத் தையலை மிதி மெஷினில் போடலாம். மூன்று அடுக்குகளையும் சேர்த்து நூலோட்டுவதை மட்டும் கையால் செய்வதே நல்லது. துவைக்கும்போது நடு அடுக்கு ஒருபுறமாகத் திரளாது. பருத்தியோடு வழுக்கும் செயற்கைத் துணியைக் கலக்க வேண்டாம். இரண்டும் ஒன்றாகச் சுருங்குவதில்லை. முதல் சலவையிலேயே தையல் இழுபட்டு முடிச்சு முடிச்சாகிவிடும்.

தைக்கும்போது மாணவிகளுக்கு அன்னை ஸைனப் பின்த் ஜஹ்ஷ் (ரலி) அவர்களைப் பற்றி அடிக்கடி நினைவூட்டுவோம். தம் மனைவியருள் நீண்ட கையை உடையவரே முதலில் தம்மை வந்தடைவார் என்ற கருத்தில் நபி (ஸல்) அவர்கள் கூறியபோது, அவர்கள் தம் கைகளை அளந்து பார்த்தனர். ஆயினும் நபியவர்களுக்குப் பின் அவர்களுள் முதலில் மறைந்தவர் ஸைனப் (ரலி) அவர்களே. தம் கையால் உழைத்து, அதில் வந்ததைத் தர்மம் செய்தவர் என்பதால் அவருடைய கையே நீண்ட கை என்று அன்னை ஆயிஷா (ரலி) அவர்கள் விளக்கியதை ஸஹீஹ் முஸ்லிமில் காண்கின்றோம். ஊசி பிடித்த கையும் நீளக்கூடும் என்பதில் பெண்பிள்ளைகளுக்கு ஒரு மகிழ்ச்சி உண்டு.

தொடக்க ஆண்டில் நாங்கள் ஒரு தவறு செய்தோம். போர்வைகளின் எண்ணிக்கையைக் கூட்டும் ஆசையில், நைந்ததும் கறைபடிந்ததுமான துணிகளையும் சேர்த்துத் தைத்தோம். சில மாதங்கள் கழித்து மாணவி ஒருத்தி வந்து, நாங்கள் ஒரு பாட்டியம்மாவுக்குக் கொடுத்த போர்வை அவர் வீட்டு விறகுக் குவியலின் மேல் கிடப்பதாகச் சொன்னாள். முதலில் எங்களுக்கு மனத்தாங்கலே வந்தது. இத்தனை பேர் விரல் குத்திக்கொண்டு தைத்ததற்கு இதுதானா மதிப்பு என்று பேசிக்கொண்டோம். அப்போது அம்மா கேட்டார்: "அதை நீங்க ஒருநாள் ராத்திரி போர்த்திப் படுப்பீங்களா?"

எங்களிடம் பதில் இல்லை. அல்பகறா அத்தியாயத்தின் 267ஆம் வசனத்தில், கண்ணை மூடிக்கொண்டாலன்றி நாமே வாங்கிக்கொள்ளமாட்டாத மட்டமான பொருளைத் தேர்ந்து தர்மத்துக்கு ஒதுக்கக் கூடாது என்று அல்லாஹ் எச்சரிப்பதை எத்தனை முறை ஓதியிருக்கின்றோம்! அன்று முதல் ஒரு விதியை வைத்துக்கொண்டோம். முடிந்த போர்வையை எங்களுள் ஒருவர் ஓரிரவு போர்த்திப் பார்த்து, மீண்டும் துவைத்த பின்னரே கொடுக்கின்றோம். குத்துகிற தையலும் நாறுகிற துணியும் அந்த ஓரிரவில் தெரிந்துவிடும்.

மற்றொரு கவனமும் எங்களிடம் இருந்தது. தையற்கடைகளிலிருந்து வெட்டுத் துண்டுகளைச் சேகரிக்கத் தொடங்கியபோது, அவை யாருக்குச் சொந்தம் என்ற கேள்வி எழுந்தது. துணி, தைக்கக் கொடுத்தவருடையது. தையற்காரரிடம் அது அமானிதம். யாரும் திரும்பக் கேட்காத விரலளவுத் துண்டுகளை ஊர் வழக்கம் பொறுத்துக்கொள்ளும். ஆனால் ஒரு கைக்குட்டைக்கு ஆகும் துண்டை உரியவரைக் கேளாமல் எடுப்பது முறையன்று. எனவே எங்களுக்குத் துணி தரும் தையற்காரச் சகோதரிகளிடம், தைக்க வருபவரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு எடுத்துவைக்குமாறு சொல்லியிருந்தோம். இதில் எங்களுக்குச் சற்றுப் பெருமையும் இருந்தது என்பதை மறைப்பானேன்? ஒரு சாண் துணிக்குக்கூட அனுமதி கேட்கிறவர்கள் நாங்கள் என்று மாணவிகளிடம் சொல்லிக்கொள்வோம்.

இரண்டாண்டுகளுக்கு முன் ரஜப் மாதத்தில் எங்கள் அம்மா மவ்த்தானார். இன்னா லில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். லுஹருக்கு முன் உயிர் பிரிந்தது. அஸருக்குப் பின் அடக்கம் ஆயிற்று. ஷார்ஜாவில் வேலை செய்யும் தம்பியால் வந்துசேர இயலவில்லை. கைப்பேசித் திரையில் அம்மாவின் முகத்தைப் பார்த்தான். பேச்சு வராமல் அணைத்துவிட்டான்.

நாற்பது நாள்கள் கடந்தபின் அம்மாவின் அலமாரியைத் திறந்தோம். 30 சேலைகள் இருந்தன. பெரும்பாலும் சின்னாளப்பட்டிச் சுங்குடி; சில கைத்தறி; பெருநாளுக்குக் கட்டிய பட்டு ஒன்று. மடிப்புகளுக்கிடையே அத்தர் மணம் இன்னும் போகவில்லை. மூவரும் நெடுநேரம் அழுதோம். பிறகு அக்கா சொன்னார்: "பூச்சி அரிக்கிறதுக்கு வைக்கிறதைவிட, அம்மா பேர்ல ஸதகாவாப் போகட்டும். அம்மாவுக்கும் அதுதான் பிடிக்கும்." எங்களுக்கும் அது நல்லதாகவே பட்டது. அடுத்த வியாழக்கிழமையே 14 சேலைகளை மத்ரஸாவுக்குக் கொண்டுபோனோம். மாணவிகள் பிஸ்மி சொல்லி வெட்டினர். இரண்டு மாதங்களில் மூன்று போர்வைகள் முடிந்தன, இரண்டைக் கொடுத்துவிட்டோம். அம்மாவுக்காகத் துஆச் செய்யும்படி வாங்கியவர்களிடம் கேட்டுக்கொண்டோம். மனம் நிறைந்திருந்தது.

ஒருநாள் இரவு தம்பி அழைத்தான். குசலம் விசாரித்துவிட்டுத் தயங்கியவாறே கேட்டான்: "அக்கா, அம்மாவோட பச்சைச் சுங்குடி இருக்குல்ல, அதை மட்டும் எனக்கு எடுத்து வைக்கிறீங்களா? நான் முதல்தடவை ஊர விட்டுக் கிளம்பின அன்னைக்கு அதைத்தான் கட்டியிருந்தாங்க. முந்தானையால என் முகத்தத் துடைச்சுவிட்டாங்க."

பச்சைச் சுங்குடி அப்போது சதுரங்களாகி மூன்று போர்வைகளில் பரவிக் கிடந்தது.

நடந்ததைச் சொன்னோம். அவன் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் நாங்கள் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்போம். "சரி அக்கா, நல்ல காரியத்துக்குத்தானே" என்றான். சற்றுப் பொறுத்து, "அம்மாவோட பொருள் எங்கிட்ட ஒண்ணுமே இல்ல, அதான் கேட்டேன்" என்றான். அழைப்பு முடிந்தபின் மூவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. பின்னர் எங்களுக்கு நாங்களே சமாதானம் சொல்லிக்கொண்டோம். தர்மத்துக்குத்தானே கொடுத்தோம், எங்களுக்கென்று எதையும் எடுத்துக்கொள்ளவில்லையே என்றோம்.

அடுத்த வாரம் மத்ரஸாவில் ஃபராயிள் பாடம். வாரிசுரிமைச் சட்டத்தைப் பல ஆண்டுகளாக நடத்திவருகின்றோம். ஒருவர் மறைந்தால் அவர் விட்டுச்சென்றதிலிருந்து முதலில் கஃபன், அடக்கச் செலவு, அடுத்துக் கடன், அதன்பின் மூன்றிலொரு பங்குக்கு மேற்படாத வஸிய்யத், மீதமுள்ளவை அனைத்தும் வாரிசுகளுக்கு என்று பலகையில் எழுதினோம். 13 வயது மாணவி ஒருத்தி எழுந்து கேட்டாள்: "ஆபா, மவ்த்தானவங்க கட்டின துணிமணியும் இதுல சேருமா?"

சேரும் என்று சொல்ல வேண்டும். சொன்னோம். சொல்லும்போது நா தழுதழுத்தது. ஊசி முதல் வீடு வரை அவர் உடைமையாக இருந்த அனைத்தும் சேரும் என்று எத்தனை ஆண்டுகளாகச் சொல்லி வந்திருக்கின்றோம்! தையற்கடைத் துண்டுக்கு அனுமதி கேட்ட நாங்கள், உடன்பிறந்தவனின் பங்குக்கு அனுமதி கேட்கவில்லை. அம்மாவின் சேலை என்றதும் அது எங்களுடையது என்றே எண்ணிவிட்டோம். பெண்கள் கட்டும் துணிதானே, ஆண்பிள்ளைக்கு எதற்கு என்ற எண்ணமும் உள்ளே இருந்திருக்கக்கூடும்.

அன்றிரவு கணக்கிட்டுப் பார்த்தோம். அத்தா முன்பே மறைந்துவிட்டார். அம்மாவின் பெற்றோரும் இல்லை. ஒரு மகனும் மூன்று மகள்களுமே வாரிசுகள். அந்நிஸா அத்தியாயத்தின் 11ஆம் வசனப்படி மகனுக்கு இரு மகள்களின் பங்கு. எனவே மொத்தம் ஐந்து பங்குகள். தம்பிக்கு இரண்டு, எங்களுக்கு ஆளுக்கு ஒன்று. 30 சேலைகளும் ஒரே மதிப்புடையவை என்று வைத்துக்கொண்டால் அவனுக்கு 12, எங்கள் மூவருக்கும் சேர்த்து 18. தங்கை ஒரு வாதம் சொன்னாள்: "நாம வெட்டினது 14தானே? நம்ம பங்கு 18க்குள்ளதான் வருது." கேட்க ஆறுதலாகத்தான் இருந்தது. ஆனால் அது சரியன்று. பிரிக்கப்படாத சொத்தில், இந்தச் சேலை என்னுடையது, அந்தச் சேலை உன்னுடையது என்று எவரும் தாமாக முடிவு செய்ய இயலாது. பங்கு பிரியும்வரை ஒவ்வொரு சேலையின் ஒவ்வொரு நூலிலும் ஐந்தில் இரண்டு தம்பியுடையது. பச்சைச் சுங்குடியிலும் அப்படியே.

மறுநாள் காலையில் அவனை அழைத்தோம். இம்முறை சமாதானம் எதுவும் சொல்லவில்லை. "உன் ஹக்கை உன்னைக் கேக்காம வெட்டிட்டோம். எங்கள மன்னிச்சிரு. வெட்டினதுல உன் பங்குக்கு மதிப்புப் போட்டுத் தர்றோம். மீதியிருக்கிற 16லயும் உனக்கு வேணுங்கிறத நீயே சொல்லு" என்றோம். நெடுநேரம் அவன் பேசவில்லை. அழுகிறான் என்பது தெரிந்தது. அம்மா மவ்த்தான நாளில்கூட அவன் அழுவதை நாங்கள் கேட்கவில்லை.

பிறகு அவன் பேசியதே எங்களுக்குப் பாடமாயிற்று. ஷார்ஜாவில் ஒரு ஜும்ஆப் பயானில் ஸஅது இப்னு உபாதா (ரலி) அவர்களைப் பற்றிக் கேட்டானாம். அவர் ஊரில் இல்லாதபோது அவருடைய தாயார் மறைந்தார். தாயாருக்காகத் தாம் தர்மம் செய்தால் அது அவருக்குப் பயன்தருமா என்று நபி (ஸல்) அவர்களிடம் வினவ, ஆம் என்று விடை கிடைத்தது. உடனே அவர் தம் தோட்டத்தைத் தாயார் பெயரால் தர்மம் செய்தார். புகாரியில் பதிவான செய்தி. "எனக்கும் அப்படி ஏதாவது குடுக்கணும்னு இருந்துச்சுக்கா. ஆனா என்னைக் கேக்காமயே எல்லாம் முடிஞ்சிருச்சுன்னதும், நான் அம்மாவுக்கு ஒண்ணுமே செய்யாதவனாப் போயிட்டேன்னு தோணுச்சு. இப்ப நீங்க கேக்குறீங்க. இப்ப நான் சொல்றேன்: என் பங்கு எல்லாத்தையும் ஸதகாவாக் குடுத்துருங்க. பச்சைச் சுங்குடி மட்டும் எனக்கு."

அவனைக் கேட்காததால் சேலையை மட்டும் நாங்கள் எடுத்துக்கொள்ளவில்லை. தாய்க்காகத் தன் கையால் கொடுக்கும் வாய்ப்பையும் அவனிடமிருந்து எடுத்துவிட்டோம். ஸஅது (ரலி) அவர்கள் கொடுத்தது தமக்குச் சொந்தமான தோட்டத்தை. பிறருடைய பங்கைச் சேர்த்துக் கொடுப்பது நம்முடைய தாராளம் ஆகாது.

கொடுத்துவிட்ட இரண்டு போர்வைகளையும் திருப்பி வாங்க வேண்டாம் என்று தம்பி மனமொப்பிச் சொல்லிவிட்டான். மூன்றாவது போர்வை எங்களிடமே இருந்தது. அதில் பச்சைச் சதுரங்கள் 22. வியாழக்கிழமை கூடத்தில் அமர்ந்து அவற்றை ஒவ்வொன்றாகப் பிரித்தோம். உறுதியாக நூற்ற நூலைத் தானே பிரித்துப் போட்ட பெண்ணைப் போல் ஆகிவிடாதீர்கள் என்னும் பொருளில் அந்நஹ்ல் அத்தியாயம் எச்சரிப்பது மாணவிகளுக்குத் தெரியும். ஒருத்தி அதை நினைவூட்டினாள். அந்த உவமை உடன்படிக்கையை முறிப்பவர்களுக்கு உரியது என்றோம். நாங்கள் பிரிப்பதோ முறிந்த அமானிதத்தை மீண்டும் இணைப்பதற்காக என்றோம். பிரிப்பதற்குத் தைத்ததைவிட அதிக நேரம் பிடித்தது. மாணவிகளிடம் காரணத்தை மறைக்கவில்லை. ஆபாவும் தவறு செய்வார் என்பதை அவர்கள் எங்கள் வாயாலேயே கேட்டுக்கொள்வது நல்லது என்று தோன்றிற்று.

பிரித்த இடங்களில் வேறு துணி வைத்து அந்தப் போர்வையை முடித்துத் தோட்டத் தொழிலாளிப் பெண்மணி ஒருவருக்குக் கொடுத்தோம். எடுத்த சதுரங்களில் 20ஐ நான்குக்கு ஐந்தாக இணைத்து ஒரு சிறு போர்வை தைத்தோம். அம்மா மறைந்து ஆறு மாதம் கழித்துப் பிறந்த தம்பி மகளுக்கு அது சரியாக இருந்தது. நன்னியைப் பார்த்திராத அந்தக் குழந்தை, நன்னியின் சேலைக்குள் உறங்கும் படத்தைத் தம்பி அனுப்பியிருந்தான். ஹிரா குகையிலிருந்து நடுக்கத்துடன் திரும்பிய நபி (ஸல்) அவர்களுக்கு அன்னை கதீஜா (ரலி) அவர்கள் முதலில் செய்தது போர்த்திவிட்டதுதான் என்பது அப்படத்தைப் பார்த்தபோது நினைவுக்கு வந்தது. போர்த்துவது சிறிய காரியமன்று.

அன்பிற்குரிய சகோதரிகளே! நம் வீடுகளில் ஒருவர் மறைந்தால் சில நாள்களிலேயே அவருடைய துணிமணிகளை மூட்டை கட்டி ஏழைகளுக்குக் கொடுத்துவிடுகின்றோம். நோக்கம் நல்லது. ஆனால் கட்டுவதற்கு முன் வாரிசுகள் அனைவரையும் கேளுங்கள். வெளிநாட்டில் இருப்பவரையும், மனத்தாங்கலால் பேசாமல் இருப்பவரையும் கேளுங்கள். பருவமடையாத பிள்ளைகள் வாரிசுகளாக இருந்தால், அவர்களுடைய பங்கைத் தர்மம் செய்ய அவர்கள் தாய்க்கும் உரிமையில்லை. அதனைப் பிரித்துப் பத்திரப்படுத்த வேண்டும். எல்லாரும் மனமொப்பினால் தாராளமாகக் கொடுங்கள். பழைய துணிக்கா இத்தனை கணக்கு என்று யாரேனும் கேட்கலாம். அந்தப் பழைய துணியின் முந்தானையால்தான் ஒரு தாய் தன் மகனின் முகத்தைத் துடைத்திருப்பார்.

எஞ்சிய 2 பச்சைச் சதுரங்கள் எங்கள் ஃபராயிள் நூலுக்குள் இருக்கின்றன. ஒவ்வோர் ஆண்டும் அப்பாடம் தொடங்கும் நாளில் அவற்றை எடுத்து மாணவிகளிடம் காட்டுகின்றோம். தம்பியிடம் கேட்டுத்தான் வைத்துக்கொண்டோம்.

யா அல்லாஹ்! எங்கள் தாயாரின் பிழைகளைப் பொறுத்து, அவருடைய கப்ரை ஒளியாக்குவாயாக! எங்கள் கைகள் கொடுப்பதைத் தூய்மையானதாக ஆக்குவாயாக! உடன்பிறந்தோரின் உள்ளங்களை ஒன்றோடொன்று இணைத்து வைப்பாயாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.